என் தம்பியின் தம்பி

என் தம்பி ரஹமினை அடக்கம் செய்த ஐந்தாம் நாள் காலையில் ரஷ்ய அலுவலகத்திலிருந்து ஒரு சிப்பாய் கடிதம் கொண்டுவந்தான். எங்கள் வீட்டில் ரஷ்ய எழுத்துப் படிக்கத் தெரிந்தவன் ரஹமினின் மகன் நெரியோ ஒருவன்தான். துக்கத்துக்காக முற்றத்தில் விரித்திருந்த கம்பளியில் என் பக்கத்தில் உட்கார்ந்தபடியே படித்துச் சொன்னான். மறைந்த வணிகரும் யூத சமூகத்தின் தலைவருமான ரஹமினுக்கு மரியாதை செலுத்த கேப்டன் இன்று மதியம் நேரில் வருகிறார். துக்கம் காக்கும் சகோதரர்கள் இருவருக்கும் ஆறுதல் சொல்வார்.

"இருவரா? தப்பாப் படிச்சிருப்ப. மறுபடி படி."

"ரெண்டு பேருன்னுதான் போட்டிருக்கு, பெரியப்பா."

எங்கள் அப்பா இசோக்குக்குப் பிறந்த ஆண்கள் நானும் ரஹமினும்தான். அதில் ஒருவன் மண்ணுக்குள் போய்விட்டான். மிச்சம் இருப்பது நான்.

"ஊரையே ஆளுறானுங்க, ஒண்ணு ரெண்டு எண்ணத் தெரியல" என்றேன். நெரியோ சிரிக்கவில்லை. கடிதத்தை மடித்துக்கொண்டு பெண்கள் இருந்த அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அப்போதுதான் இதில் எனக்குத் தெரியாதது ஏதோ இருக்கிறது என்று பட்டது.

எங்கள் குடும்பத்தைப் பற்றி நானே சொல்வது முறையல்ல. சமர்கந்து யூதர் குடியிருப்பில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எங்கள் அப்பா பட்டு வியாபாரி. அவர் வாயிலிருந்து வந்த சொல்லை யாரும் இரண்டாம் முறை விசாரித்ததில்லை. ரஹமின் அதற்கு மேலே போனான். ரயில் வந்த பிறகு பஞ்சு வியாபாரத்தில் இறங்கினான். பஞ்சு அரைக்கும் ஆலை வைத்தான். சம்பாதித்ததை வைத்துப் பன்னிரண்டு கட்டில்களோடு மருத்துவமனை கட்டினான், பள்ளிக்கூடம் கட்டினான், குளிர்காலத்தில் வெந்நீர் கிடைக்கும்படி குளியல்கூடத்தைப் புதுப்பித்தான். பஸ்கா பண்டிகைக்கு மாவு வேண்டும் என்று எந்த விதவையும் அவனிடம் வந்து கேட்டதில்லை. கேட்பதற்கு முன்பே மூட்டை அவள் வீட்டு வாசலில் இருக்கும். மூன்று முறை அவனைத் தலைவனாகத் தேர்ந்தெடுத்தார்கள். எந்தப் பெரிய காரியத்தையும் என்னிடம் கேட்காமல் அவன் செய்ததில்லை. நான் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

எங்கள் வழக்கப்படி அந்த ஏழு நாட்களில், இறந்தவரிடம் நன்மை பெற்றவர்கள் சபையில் எழுந்து அதைச் சொல்வார்கள். சொன்ன ஒவ்வொன்றும் அவரோடு போகும் என்பது நம்பிக்கை. நான்கு நாட்களாகத் தண்ணீர் சுமப்பவனிலிருந்து பஞ்சாலைக் கணக்கப்பிள்ளை வரை எழுந்து பேசிக்கொண்டே இருந்தார்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டேன். எங்கள் வீட்டின் பெயர் அவர்கள் வாயில் பளபளத்தது.

ரஹமினின் மனைவி புலூர் திரைக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டாள். போனேன்.

"பெரியத்தான், கோவப்படாமக் கேளுங்க."

"கோவப்படுற விஷயமா இருந்தா படத்தான் செய்வேன். சொல்லு."

"சாயக்கார ஒவாத்யோ இருக்காருல்ல…"

பெயரைக் கேட்டதும் அடக்கத்தன்று நடந்தது நினைவுக்கு வந்தது. பாடையைத் தூக்குவதற்கு முன் முற்றத்தில் முல்லோ ஹியோ கத்தியோடு நின்றார். வேதம் படித்த எங்கள் பெரியவர்களையும் நாங்கள் முல்லோ என்றுதான் அழைப்போம். ரத்த உறவுகள் வரிசையாக நிற்க, அங்கியின் கழுத்துப் பட்டையில் அவர் ஒரு கீறல் போடுவார்; மிச்சத்தை அவரவர் கையால் கிழித்துக்கொள்ள வேண்டும். நெரியோ கிழித்தான். நான் கிழித்தேன். எனக்குப் பின்னால் மூன்றாவதாக ஒரு கழுத்துப் பட்டை நீண்டது. திரும்பிப் பார்த்தால் ஒவாத்யோ. அவன் சலா. எமீர் மன்னர் ஆளும் புகாராவில் கட்டாயத்துக்கு மதம் மாறி, வெளியே இஸ்லாமும் வீட்டுக்குள் நம் பிரார்த்தனையுமாக இரண்டு தலைமுறை வாழ்ந்த கூட்டம். பதினெட்டு வருஷத்துக்கு முன் இங்கே தப்பி வந்து பழையபடி யூதனானவன். அவனுக்கு வேலை கொடுத்ததும் சாயத் தொட்டி வைத்துக் கொடுத்ததும் ரஹமின்தான். அவன் பெண்களை எங்களில் யாரும் எடுப்பதில்லை.

"இது கூடப்பிறந்தவங்க நிக்கிற வரிசை. உனக்கு இங்க என்ன வேலை?" என்று கேட்டேன். அவன் முல்லோவைப் பார்த்தான். முல்லோ தரையைப் பார்த்தார். "வெளியில போய் நில்லு" என்றேன். ஒன்றும் பேசாமல் போய்விட்டான்.

இப்போது புலூர் சொன்னாள். ரஷ்யர்கள் ஊரைப் பிடிப்பதற்கு முன்பே இங்கே இருந்த குடும்பங்களும் அவர்களின் வாரிசுகளும் மட்டும்தான் தங்கலாம், மற்ற யூதர்கள் வெளியேற வேண்டும் என்று சட்டம் வந்தபோது, ஒவாத்யோ இந்த ஊரில் பிறந்தவன் என்று ரஹமின் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறான். எங்கள் அப்பாவுக்கு இரண்டாவது மனைவி ஒருத்தி இருந்தாள், அவளுக்குப் பிறந்தவன் ஒவாத்யோ, தன் சொந்தத் தம்பி என்று.



"எங்கம்மாவுக்குச் சக்களத்தி இருந்தான்னு எழுதிக் குடுத்தானா?"

"ஆமா."

"தோரா வேதத்து மேல கை வச்சா?"

"கை வச்சுத்தான். வீட்டுக்கு வந்து மூணு நாள் சாப்பிடல."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல."

"கேட்டிருந்தா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?"

நான் என்ன சொல்லியிருப்பேன் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"யாரோ மொட்டைக் கடுதாசி போட்டிருக்காங்க" என்றாள். "கேப்டனோட மொழிபெயர்ப்பாளர் மிர்சோ காசிம் ரெண்டு நாளா கடைத்தெருவில விசாரிக்கிறாராம். சத்தியம் பண்ணினவரு போயிட்டாரு, இனி அவரைக் கேக்க முடியாது. அதான் நேர்ல வந்து பாக்கறாங்க. பொய்யின்னு தெரிஞ்சா அந்தக் குடும்பத்தை ஒரே வாரத்துல எல்லை தாண்டிப் புகாராவுல விட்ருவாங்க. அங்க எமீர் ஆளுங்க கண்ணுல ஒவாத்யோ இஸ்லாத்தை விட்டவரு. அதுக்கு என்ன தண்டனைன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? ஆறு பிள்ளைங்க பெரியத்தான்."

திரும்பி வந்து கம்பளியில் உட்கார்ந்தேன். முல்லோ ஹியோ பக்கத்தில் வந்து குந்தினார். நாங்கள் இருவரும் ஒரே பாயில் எழுத்துப் படித்தவர்கள்.

"உனக்கு முன்னாடியே தெரியும்" என்றேன்.

"தெரியும்."

"அதான் அன்னிக்குத் தரையைப் பாத்தியா?"

"சபை நடுவில வாயைத் தொறந்து என்ன சொல்லச் சொல்ற? நீ சாட்டையை எடுத்த மாதிரி பேசுற. சரி, அது போகட்டும். அவனைக் கூப்பிட்டு உக்கார வைக்கணும் ஷிமூன்."

"பொய்க்குப் பக்கத்துல நான் உக்கார மாட்டேன்."

"நீ உக்காந்திருக்கறது உன் தம்பிக்காக. பக்கத்துல யாரு உக்காந்தா உனக்கென்ன? உன் முதுகு வளையாதுன்னு ஊருக்கே தெரியும். யாரும் வளையச் சொல்லல."

"எங்கம்மா கல்லறைக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"உங்கம்மாவுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். சின்ன வயசுல எனக்கு ரொட்டி போட்டவங்க. ஆறு குழந்தைங்க கதின்னு சொன்னா உன்னை மாதிரி இவ்வளவு நேரம் யோசிச்சிருக்க மாட்டாங்க."

நான் சரி என்று சொல்லவில்லை. கூடாது என்றும் சொல்லவில்லை. புலூர் ஆள் அனுப்பிவிட்டாள் என்பது முற்றத்துக் கதவின் சத்தத்தில் தெரிந்தது.

அதற்குப் பிறகு பொழுது நகரவே இல்லை. ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பக்கத்து வீட்டு முற்றத்தில் பெரிய கொப்பரையில் பிலாவ் சோறு வெந்துகொண்டிருந்த வாசனை வந்தது. யாரோ எழுந்து ரஹமினின் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசினார்கள். ஒரு சொல்லும் காதில் விழவில்லை. தெருவில் குதிரைக் குளம்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நெரியோ எழப் பார்த்தான். தோளில் கையை வைத்து உட்கார வைத்தேன்.  ஒவாத்யோ வந்துவிடுவானோ என்று ஒரு பயம். வராமல் இருந்துவிடுவானோ என்று அதைவிடப் பெரிய பயம். இரண்டில் எது என் பயம் என்று எனக்கே பிடிபடவில்லை.

மதியப் பிரார்த்தனை முடிந்து ஆட்கள் உட்காரும் நேரத்தில் அவன் வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு, அங்கிக் கைகள் விரல் நுனி வரை தொங்க, நெரியோவுக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் இடைவெளி விட்டு உட்கார்ந்தான். சபையில் தலைகள் அவன் பக்கம் திரும்பின.

அவன் கழுத்துப் பட்டையைப் பார்த்தேன். சகோதரனுக்குக் கிழிக்க வேண்டிய வலது பக்கம் கிழிந்திருந்தது. இன்று கிழித்ததல்ல. ஓரத்து நூல்கள் பிரிந்து அழுக்கேறி, கிழித்த இடத்தில் இரண்டு நீல விரல் தடங்கள் காய்ந்து போயிருந்தன.

"எப்பக் கிழிச்ச?" என்று மெல்லக் கேட்டேன்.

"அன்னிக்கே. இங்கிருந்து வீட்டுக்குப் போனதும். முறைப்படி நின்னுக்கிட்டுத்தான் கிழிச்சேன்."

"யாரு கிழிக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல ஐயா. காகிதத்துல எழுதினதுக்காகவும் இல்ல. எனக்கு அவரை விட்டா யாரு இருந்தா?"

"ஐயான்னு கூப்பிடாதீங்க" என்று நெரியோ பல்லைக் கடித்தபடி சொன்னான். "அண்ணான்னு சொல்லுங்க. அவங்க வந்தாச்சு."

கேப்டன் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நுழைந்தார். அவருக்கு நாற்காலி போட்டார்கள். ரஹமினுக்கு அரசாங்கம் கொடுத்த பதக்கத்தைப் பற்றி, மருத்துவமனையைப் பற்றி, நாலு வார்த்தை நல்லபடியாகப் பேசினார். மிர்சோ காசிம் அதை எங்கள் மொழியில் சொன்னார். காசிமுக்கும் எங்களுக்கும் வீட்டில் பேசுவது ஒரே மொழி. எங்கள் குடியிருப்பை ஒட்டிய தெருவில் வளர்ந்தவர். சிறுவனாக எங்கள் வீட்டுப் பஸ்கா ரொட்டியைத் தின்றிருக்கிறார். எங்களுக்கு எந்த நாளில் எது ஆகும், எது ஆகாது என்பது எங்கள் பிள்ளைகளைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் கண்ணுக்குத் தப்பிப் போவது எதுவும் கிடையாது.

பேச்சு முடிந்ததும் அவர் வரிசையாகத் துக்கம் விசாரிக்க வந்தார். எங்கள் ஊரில் எல்லா மதத்தாரும் செய்வதுபோல் இரண்டு கையாலும் இரண்டு கையைப் பிடித்து. முதலில் என்னிடம். "பெரியவரே, ஆண்டவன் பொறுமை தரட்டும்." பிறகு நெரியோ. பிறகு அந்த ஓர் ஆள் இடைவெளியைக் கடந்து ஒவாத்யோவின் முன் குனிந்து கைகளை நீட்டினார்.

ஒவாத்யோ அங்கிக்குள்ளிருந்து கையை எடுத்தான்.

மணிக்கட்டு வரை நீலம். சாயக்காரன் கை எப்போதும் நீலமாகத்தான் இருக்கும். ஆனால் தொட்டியை விட்டு நாலைந்து நாள் இருந்தால் அது மங்கிச் சாம்பல் தட்டும் என்பது இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இது அன்று காலையில் ஏறிய நீலம். நகக் கண்ணில் இன்னும் ஈரம் போல மின்னியது.

காசிம் அந்தக் கைகளை விடவில்லை. திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, உங்க வீடுகள்ல கூடப்பிறந்தவன் செத்தா ஏழு நாள் எந்த வேலையும் தொடக் கூடாதுல்ல? நான் தப்பாச் சொல்றேனா?"

ஒவாத்யோ கைகளை அங்கிக்குள் இழுக்கப் பார்த்தான். 

"ஜெபக்கூடத்துல விளக்குத் துடைக்கிற ஆள்கூட அவன் அண்ணன் செத்தப்ப ஏழு நாள் உக்காந்தான். நான் பாத்திருக்கேன். இவ்வளவு பெரிய மனுஷனோட தம்பி, தொட்டியில கை விட்டிருக்காரு. அண்ணன்தானா? இல்ல அண்ணன்னு எழுதினது மட்டுமா?"

அவர் சத்தமாகப் பேசவில்லை. ஆனால் முற்றத்தில் இருந்த இருநூறு பேருக்கும் கேட்டது. கேப்டன் நாற்காலியில் முன்னால் சாய்ந்து, என்ன என்பதுபோல் காசிமைப் பார்த்தார். திரைக்குப் பின்னால் ஒரு கிண்ணம் தரையில் உருண்டது. முல்லோ ஹியோ என்னைப் பார்த்தார். அவர் சொல்ல முடியாது. அவர் அந்த வீட்டு ஆள் இல்லை. சொல்ல முடிந்தவன் ஒருவன்தான்.

எங்கள் சட்டத்தில் இதற்கு ஒரு வழி உண்டு. ஏழு நாள் உட்கார முடியாத அளவு ஏழையாக இருப்பவன், மூன்று நாள் கழித்துத் தன் வீட்டுக்குள் வேலை செய்து வயிற்றைக் கழுவிக்கொள்ளலாம். ஆனால் அதோடு இன்னொன்றும் சொல்லியிருக்கிறது: அவனை அந்த நிலைக்கு விட்டவர்கள் மேல் சாபம் வரட்டும். இருபது வருஷமாக எங்கள் குடியிருப்பில் யாரும் இந்தச் சலுகையைப் பயன்படுத்தியதில்லை. பயன்படுத்த ரஹமின் விட்டதில்லை. எந்த ஏழை வீட்டில் துக்கம் வந்தாலும் ஏழு நாளும் அவன் வீட்டுப் பானைதான் போகும்.

"தம்பிதான்" என்றேன்.

காசிம் என் பக்கம் திரும்பினார்.

"எங்க அப்பாவோட பிள்ளை. மூணு நாள் அவன் வீட்டுல உக்காந்தான். அதுக்கு மேல உக்காந்தா அடுப்பு எரியாது. ஏழைக்கு மூணு நாள் போதும்னு எங்க சட்டத்துல இருக்கு. முல்லோவைக் கேளுங்க."

"இருக்கு" என்றார் முல்லோ. 

"ஏழையா?" காசிம் முற்றத்தைச் சுற்றிப் பார்த்தார். தூண்களை, கம்பளங்களை, வெள்ளிக் கெண்டிகளை. "ரஹமின் ஊருக்கே சோறு போட்டாரு. அவர் தம்பி வீட்டுல அடுப்பு எரியலையா?"

"ரஹமின் இருந்தவரைக்கும் எரிஞ்சுது. அவன் போனதும் நான் நிறுத்தினேன்."

இதைச் சொன்னபோது என் முதுகு நேராகத்தான் இருந்தது. அதை மட்டும் நான் விடவில்லை.

"ரெண்டாவது வீட்டுப் பிள்ளைன்னு சின்ன வயசுலேர்ந்து எனக்கு அவனைப் பிடிக்காது. அடக்கத்தன்னிக்கு வரிசையில வந்து நின்னான். எல்லாரும் பாக்க வெளியில போடான்னு விரட்டினேன். இங்க பாதிப் பேரு பாத்தாங்க. துக்கத்துல இருக்கறவனுக்கு முதல் சாப்பாடு வெளியிலேர்ந்து வரணும். இவனுக்கு இந்த வீட்டுலேர்ந்து ஒரு ரொட்டி போகல, ஒரு முட்டை போகல. தன் ரொட்டியைத் தானே பிட்டுத் தின்னான். அப்புறம் தொட்டிக்குப் போனான். சாபம் யாரு மேலன்னு கேட்டீங்கன்னா, அவன் மேல இல்ல. என் மேல."

சொல்லி முடித்த பிறகுதான் கவனித்தேன். இரண்டாவது வீடு என்ற ஒன்றைத் தவிர, சொன்னதில் பெரும்பாலும் பொய் இல்லை.

காசிம் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நம்பினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என்னைப் போன்ற ஒருவன் இதை இட்டுக்கட்டிச் சொல்ல மாட்டான் என்று நினைத்தாரோ, அல்லது இதைச் சொல்ல என்னவெல்லாம் விழுங்க வேண்டியிருந்தது என்று புரிந்துகொண்டாரோ. ஒவாத்யோவின் கைகளை மெல்ல விட்டுவிட்டு, கேப்டனிடம் போய் ரஷ்ய மொழியில் பேசினார். வியாபாரத்தில் என் காதில் பழகிய இரண்டு சொற்கள் மட்டும் விளங்கின. சகோதரன். ஏழை. மூன்றாவதாக ஏதாவது சொல் வருமா என்று காத்திருந்தேன். பேச்சு அதோடு முடிந்தது.

கேப்டன் எழுந்தார். என்னிடம் வந்தார். நான் கையை நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார், சாக்கடையைத் தாண்டுகிறவர் போல என்னைத் தாண்டினார். நெரியோவின் தோளைத் தொட்டார். பிறகு ஒவாத்யோவின் முன் குனிந்து, அந்த நீலக் கைகள் இரண்டையும் தன் வெள்ளைக் கையுறைகளால் பற்றி, நெடுநேரம் ஏதோ ஆறுதல் சொன்னார். என் கை அதுவரை நீட்டியபடியே இருந்தது. பிறகு மடியில் வைத்துக்கொண்டேன்.

குதிரைச் சத்தம் தெரு முனையைத் தாண்டியது.

ஒவாத்யோ எழுந்தான். "நான் கிளம்பட்டுமா ஐயா? வேலை முடிஞ்சிருச்சுல்ல."

"என்ன வேலை முடிஞ்சுது? இன்னும் ரெண்டு நாள் இருக்கு. உக்காரு."

"தொட்டியில நீலம் அப்படியே கிடக்கு. கலக்காம விட்டா கெட்டுரும்."

"கெடட்டும். நெரியோ, இவன் வீட்டுக்கு மொதல்ல சாப்பாடு அனுப்பு. பிள்ளைங்களுக்கும் சேத்து."

அவன் உட்கார்ந்தான். இந்த முறை இடைவெளி விடவில்லை. நெரியோ நகர்ந்து இடம் கொடுத்ததால் என் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டான். அவன் அங்கியில் சாய வாடை அடித்தது.

எனக்கு இப்போது எண்பது வயது. ரஷ்ய ஜார் மன்னனும் இல்லை, எமீரும் இல்லை, அந்தக் காகிதங்களைத் தேடுகிறவர்களும் இல்லை. ஆகையால் எழுதுகிறேன். எங்கள் அம்மாவுக்குச் சக்களத்தி இருந்ததில்லை. எங்கள் அப்பா ஒரே பெண்ணோடு வாழ்ந்து ஒரே பெண்ணுக்குப் பக்கத்தில் கிடக்கிறார். ரஹமின் தன் வாழ்நாளில் செய்தவற்றில் சபையில் யாரும் எழுந்து சொல்லாத ஒன்று இது. பதக்கம் கிடைத்த காரியங்களுக்கு அவன் பணம் செலவழித்தான். இதற்கு அவன் செலவழித்தது எங்கள் பெயரை. என்னைக் கேட்காமல் செலவழித்தான் என்ற கோபம் இன்னும் எனக்குத் தீரவில்லை.

அன்று சாப்பாடு பரிமாறத் தொடங்கியபோது, அப்பாவோடு பட்டு வியாபாரம் செய்த கிழவர் ஒருவர் தடியை ஊன்றிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். கண் சரியாகத் தெரியாதவர். குனிந்து என் முகத்தைத் தேடினார்.

"இசோக்குக்கு ரெண்டாவது வீடு இருந்துதா? நாப்பது வருஷம் கூடவே இருந்தேன். எங்கிட்ட ஒரு தரம்கூடச் சொல்லலையேப்பா."

சுற்றியிருந்தவர்கள் கையில் ரொட்டியோடு நிறுத்தினார்கள்.

"எங்கிட்டயும் ரொம்ப நாள் சொல்லல" என்றேன். "உக்காருங்க. சாப்பாடு ஆறுது. இவன்தான் ஒவாத்யோ, என் தம்பி."